எம்.பி.க்கு மூவாயிரம் கார்டு

1978 சித்திரை வெயிலில், எம்.பி. வீட்டு வாசலில் தபால்காரர் இராமலிங்கம் மூட்டையைப் பொத்தென்று இறக்கினார். எம்.பி.யின் மனைவி கஸ்தூரி பதறிப்போய் மோர் கொண்டுவந்தாள்.

“என்னங்க இது?”

“மூவாயிரம் கார்டும்மா. தபால்காரங்க தூக்குற சுமையைக் குறைக்கச் சட்டம் கொண்டாரணும்னு திருவண்ணாமலையே ஐயாவுக்கு எழுதியிருக்குது.”

“பார்லிமெண்டு நடக்குதே, அவரு டில்லியில இல்ல இருக்காரு! எல்லாத்துலயும் விலாசத்தை மாத்தி எழுதி அங்க அனுப்பிடுங்க.”

இராமலிங்கம் முனகியபடி மூட்டையை மறுபடியும் தோளில் ஏற்றினார். கஸ்தூரிக்கு மனசு கேட்கவில்லை.

“ஊரையே கார்டு போடச் சொன்ன புண்ணியவான் யாருங்க?”

“எங்க தபால் ஊழியர் சங்கச் செயலாளருங்க.”

“அந்தாளை ஒரு நாள் இந்த மூட்டையைத் தூக்க வெச்சாத்தான் புத்தி வரும்!”

“வந்துடுச்சும்மா,” என்றார் இராமலிங்கம். “நான்தான் செயலாளர்.”