இத்தா முடிந்த மறுநாள்

“இத்தா முடியட்டும் புள்ள. முடிஞ்ச மறுநாள் ஊட்டுத் திறப்பு என்ட கையில வந்திரணும்.”

அறை வாசலில் நின்றபடியே ஜுனைதா இதைச் சொன்னபோது, றபீக்காவின் கணவன் ஹிஷாமை அடக்கம் செய்து, அவள் இத்தா இருக்கத் தொடங்கி ஒரு கிழமைகூட ஆகியிருக்கவில்லை.

சொன்னவள் உட்காரவில்லை. நீட்டிய தேத்தண்ணியையும் வாங்கவில்லை. வந்த ஆட்டோவிலேயே நிந்தவூருக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

“என்ன பொம்புள இவ! மவுத்தூட்டுல வந்து கதைக்கிற கதையா இது?” பக்கத்து வீட்டு நதீரா வாயில் கையை வைத்தாள்.

றபீக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாய்ந்தமருதில் அவர்கள் குடியிருந்த அந்த வீடு ஜுனைதாவுடையது. றபீக்காவின் வாப்பாவிடம் இருந்த ஒரே வீடு மூத்த மகளுக்குச் சீதனமாகப் போய்விட்டது. இளையவளுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. வந்த மாப்பிள்ளைகள் எல்லாம் வீடு கேட்டுவிட்டுப் போக, கல்முனையில் ஆட்டோ ஓட்டிய ஹிஷாம் மட்டும், “எனக்குப் பொண்ணு போதும்” என்றான். அன்றிலிருந்து வாடகை வீடுதான்.

அவன் உயிரோடு இருந்தபோதே, ஒரு பெருநாள் கழிந்த கையோடு ஜுனைதா வந்தாள்.

“மகள் அம்ஹாக்குக் கலியாணம் பேசி முடிச்சிட்டம். மாப்பிள்ளைக்குக் கல்முனையில கடை. இந்த ஊட்டத்தான் சீதனமாக் கேக்காங்க. நீங்க வேற இடம் பாக்கணும் தம்பி.”

“புள்ளைகள்ட சோதினை முடியட்டும் மாமி,” என்றான் ஹிஷாம். ஜுனைதா சம்மதித்தாள்.

பரீட்சை முடிந்தது. வேறு வீடுதான் கிடைக்கவில்லை. அவன் மறுபடியும் தவணை கேட்டான். இந்த முறை அவள் மறுத்துவிட்டாள். பேச்சுத் தடித்து, விஷயம் மத்தியஸ்த சபை வரைக்கும் போனது.

அங்கிருந்து வெளியே வந்த ஹிஷாம் நடுத்தெருவில் நின்று கத்தினான்.

“எங்கள எழுப்பிப்போட்டு, உங்கட மகள் அந்த ஊட்டுல நல்லா வாழ்ந்திருவாளா?”

ஜுனைதாவின் முகம் வெளுத்துப் போனது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்துவிட்டாள்.

கொஞ்ச நாளில், சவாரி ஏற்றக் காத்திருந்த இடத்தில், ஆட்டோவுக்குள்ளேயே ஹிஷாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள் மையித்தைத்தான் திருப்பிக் கொண்டு வந்தார்கள்.

நாலு மாதமும் பத்து நாளும் இத்தா. கணவனை இழந்தவள் வீட்டை விட்டு வெளியேறாமல் இருக்க வேண்டிய காலம். அவனுக்காக அழுத நேரம் போக மிச்ச நேரமெல்லாம் றபீக்கா ஜுனைதாவைத்தான் நினைத்தாள்.

“இந்த ஊட்டுக் கவலையாலதான் அவர் போனார். அவதான் அவர்ட உசிர எடுத்துப்போட்டா,” என்பாள் நதீராவிடம்.

“ஓம், வேறென்ன? இப்பயும் நாளை எண்ணிட்டுத்தான் இரிப்பா. பந்தலுக்கும் சொல்லி வெச்சிரிப்பா,” என்பாள் நதீரா.

இத்தா முடிந்தது. பொத்துவிலில் இருக்கும் மூத்தவள், ராத்தாவின் வீட்டுப் பின்னறைதான் இனிப் போக்கிடம். பிள்ளைகளையும் சாமான்களையும் லொறியில் ஏற்றினாள். நிந்தவூரில் தெரு முனையோடு லொறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, வீட்டைப் பூட்டிய திறப்போடு தனியே இறங்கி நடந்தாள். சொல்ல வேண்டிய வார்த்தைகள் எல்லாம் எப்போதோ மனப்பாடமாகியிருந்தன.

ஜுனைதா முன்விறாந்தையில் இருந்தாள். ஆள் இளைத்துப் போயிருந்தாள்.

“இந்தாங்க மாமி, உங்கட திறப்பு. இனி மகள்ட கலியாணத்தச் சந்தோசமாச் செய்ங்க. தடையா நிண்டவரும் போயிட்டார். நாங்களும் போறம்.”

ஜுனைதா திறப்பை வாங்கிக்கொண்டாள். தெரு முனையில் நின்ற லொறியை எட்டிப் பார்த்தாள்.

“புள்ளைகள் சாப்பிட்டதா?”

“உங்கட ஊட்டுத் தண்ணியும் எங்களுக்கு வேணாம்!”

றபீக்கா சொல்லிவிட்டு விறுவிறென்று இறங்கி நடந்தாள். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மனப்பாடம் செய்ததில் பாதியைக்கூடச் சொல்லவில்லை.

“ராத்தா! கொஞ்சம் நில்லுங்க!”

அம்ஹா பின்னால் ஓடி வந்தாள். கையில் ஒரு சோற்றுப் பொதி.

“புள்ளைகளுக்குக் குடுங்க. உம்மாவ ஏசிட்டுப் போகாதீங்க ராத்தா.”

“நீ கலியாணப் பொண்ணு. உனக்கு ஊடு இரிக்கி, மாப்பிள்ளையும் இரிக்கார். வயிறெரிஞ்சி போறவள்ட வேதனை உனக்கு விளங்காது.”

அம்ஹா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். குரல் மெல்ல வந்தது.

“மாப்பிள்ளை போன மாசம் வேற இடத்துல முடிச்சிட்டார் ராத்தா. உடனே ஊடு வேணும் எண்டு நிண்டாங்க. ‘இத்தாவுல இரிக்கிற பொம்புளய எழுப்ப ஏலா, முடியுமட்டும் பொறுங்க’ எண்டு உம்மா சொன்னா. அவங்க பொறுக்கல்ல.”