செருப்போடு வந்தவர்

ஒழுக்கம் என்றாலே தலைமையாசிரியர்தான். இதைத் தலைமையாசிரியரே சொல்வார். நைட் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த மகனை இழுத்துப்போக, அந்த ராத்திரியில் கொதித்துக்கொண்டு வந்தார். வாசலில் பவுன்சர் மறித்தான்.

"செருப்போட உள்ள விட மாட்டோம் சார். ஷூ கட்டாயம்."

"குடிக்கிற இடத்துல என்னடா ஒழுக்கம்? நான் யார் தெரியுமா? ஹெட்மாஸ்டர்!"

"ரூல்னா ரூல் சார்."

"படிப்பு ஏறாத தடிப்பயலுக்கெல்லாம் அதிகாரம்!" என்று கத்தியவர், சட்டென்று இறங்கி வந்தார். "விடிஞ்சா அவனுக்குப் பரீட்சைப்பா. ரெண்டே நிமிஷம்."

"எங்கப்பாவும் இப்படித்தான் கெஞ்சினார்," என்றான் பவுன்சர். "ஷூ இல்லைன்னு, பரீட்சை அன்னைக்கு என்னை ஸ்கூல் கேட்டுக்கு வெளியவே நிக்க வச்சீங்க. ரூல்னா ரூல்னீங்க. உங்க ஸ்கூல்ல நான் படிச்ச கடைசிப் பாடம் அதுதான். ஓரமா நில்லுங்க சார், வழியை மறைக்காதீங்க."