பெயர் வெட்டும் மெஷின்

பாத்திரக் கடையில் பெயர் வெட்டும் மெஷின் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. பூங்கோதை தன் சம்பளத்தில் வாங்கிய குடம், தூக்குவாளி, தாம்பாளம் எல்லாவற்றிலும் கணவன் சற்குணம் தன் பெயரையே வெட்டச் சொன்னான். என் பெயரைப் போட்டால் என்ன என்று கேட்டாள்.

"நீயே எனக்குச் சொந்தம், உனக்கெதுக்குத் தனியா ஒரு பேரு? என் பேரு இருந்தா எந்த வீட்டுக்குப் போனாலும் பாத்திரம் திரும்பி வந்துரும்" என்று சிரித்தான்.

மிச்சமிருந்த தாம்பாளத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, வளையலை மேலே ஏற்றிக்கொண்டு, அவள் தன் கையை மெஷினுக்கு நேராக நீட்டினாள்.

"இதுலயும் அவர் பேரையே வெட்டுங்கண்ணே. நானும் திரும்பி வரணும்ல."

பெயர் வெட்டுகிறவர் மெஷினை அணைக்காமல் சற்குணத்தின் முகத்தைப் பார்த்தார்.

"அவர ஏண்ணே பாக்குறீங்க? கை என்னோடது."