திரையில் வந்த பெயர்

மீன்பிடித் துறைமுக அலுவலகத்தின் சன்னல் வழியே மாலை வெயில் மடிக்கணினியின் மேல் மஞ்சளாய்ச் சரிந்து கிடக்கிறது. காற்று வலுத்ததால் படகுகளைக் கரைக்கு அழைத்திருக்கிறார்கள். நிரல் எழுதும் பகவதியின் தோளுக்குப் பின்னால் சுடலைச்செல்வி நிற்கிறாள். அவள் கணவன் போன 'முத்தாரம்மன்' படகு இன்னும் திரும்பவில்லை. "எங்க போட்டு பேரே இதுல இல்லியே, ஏளா," என்கிறாள் மெதுவாக. பகவதிக்கு அப்போதுதான் உறைக்கிறது. கடலுக்குப் போன படகுகள் ஒரு டேபிளில், அதாவது அட்டவணையில், திரும்பியவை இன்னொன்றில். இரண்டையும் இணைக்க, லைப்ரரி எனும் ஆயத்த நிரல் தொகுப்பை வைத்து அவள் எழுதிய வரி, இரண்டிலும் உள்ள படகுகளை மட்டுமே காட்டுகிறது. திரும்பாத படகு, கடலுக்கே போகாததுபோல் மறைந்துவிடுகிறது. அவள் ஜாயின் என்பதை அழித்து லெப்ட் ஜாயின் என்று அடிக்கிறாள். இனி போனவை எல்லாமே, திரும்பாவிட்டாலும், தெரியும். வெளியே கயிறுகள் காற்றில் முனகுகின்றன. திரை வெளுத்து, மெல்ல நிறைகிறது. முத்தாரம்மன் என்ற பெயர் வருகிறது, திரும்பிய நேரத்துக்கான கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. "இன்னும் வரலக்கா," என்கிறாள் பகவதி, தலை நிமிராமல். சுடலைச்செல்வி அந்தப் பெயரை விரலால் தொடுகிறாள். "பேரு இருக்குல்லா. இனி தேடுவாவ." பக்கத்து மேசையில் வயர்லெஸ் பார்க்கும் தளவாய் அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு மைக்கை எடுக்கிறார். "முத்தாரம்மன்... முத்தாரம்மன்... கேக்கா?" இரைச்சலுக்குள் மூவரும் காது கொடுத்து நிற்கிறார்கள்.