வாடப் போட்ட மரம்

ஓர் எலுமிச்சை மரத்துக்குள் ஒரே குடும்பத்து மரபணுக்கள் இரண்டு இருந்தன. தளிர் விட வைப்பது அண்ணன் வேலை. வறட்சி வந்தால் நீர் ஆவியாகாதபடி இலைத் துளைகளின் வாயை மூடி மரத்தைக் காப்பது தம்பி வேலை.

அந்தக் கோடையில் நாற்பது நாள் தண்ணீர் வரவில்லை. அண்ணன் சுருண்டு படுத்துவிட்டான். தம்பி ஒருவனே மரத்தை இழுத்துப் பிடித்தான்.

பிறகு தண்ணீர் பாய்ந்தது. மரமெல்லாம் பூ.

"பாவம் தோட்டக்காரர், கிணறு வற்றி என்ன பாடுபட்டாரோ" என்றான் தம்பி, எழுந்திருக்கக்கூட முடியாமல்.

"கிணறு எங்கடா வத்துச்சு?" என்றது வேர். "வாடப் போட்டாத்தான் நிறையப் பூக்கும்னு அவரேதான் வாய்க்காலை அடைச்சாரு."



"அப்ப அடுத்த வருஷமும் அடைப்பாரா?" என்றான் தம்பி.

"நீதான் தாங்குறியே" என்றது வேர்.