கோமாளிப் பாட்டு

"ரவூப் பாய், உந்தக் கூத்துப் பாட்டுக்கு ஊசியைத் தேய்க்காதேங்கோ. இருக்கிற நாலு ஊசியும் நல்ல சங்கீதத்துக்கு வேணும்."

குலசிங்கம் சொன்னது, கடை வாசலில் நின்ற மங்களத்துக்கும் நன்றாகவே கேட்டது.

ஜப்பான்காரன் வந்த நாளிலிருந்து அந்தச் சிராங்கூன் சாலைக் கடைக்குப் புது இசைத்தட்டு எதுவும் வரவில்லை. வாங்கவும் ஆளில்லை. பழைய தட்டுகளைக் கிராமபோனில் கேட்கவென்று மாலையில் நாலைந்து பேர் வருவார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி குலசிங்கமும் வேலை முடிந்ததும் வந்துவிடுவார். கீர்த்தனை தவிர வேறெதுவும் அவர் காதுக்கு ஆகாது.

மங்களம் கேட்பது ஒரே தட்டைத்தான். ஏதோ நாடகக் கம்பெனியின் கோமாளிப் பாட்டு. முடியும்வரை வாசலிலேயே நின்றுவிட்டுப் போய்விடுவாள்.

அன்று பாட்டைக் கேட்காமலே போனாள். அப்புறம் நான்கு நாளாக வரவில்லை. இப்போதுதான் கடைக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது என்றார் குலசிங்கம்.

கடைக்காரர் ரவூப் அந்தத் தட்டை எடுத்துச் சுழலவிட்டார். கோமாளி பாடினான். பின்னால் சில குரல்கள் சேர்ந்துகொண்டன. கடைசியில் ஒருவன் மட்டும் அடக்கமுடியாமல் சிரித்தான்.

"அந்தச் சிரிப்பு அவ புருஷனோடது, ஐயா. கம்பெனியில பின்பாட்டு பாடினவரு. சயாம் காட்டுல ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடிச்சுட்டுப் போய் எட்டு மாசமாச்சு, ஒரு தகவலும் இல்ல. வீட்டுல ஒரு போட்டோகூடக் கிடையாது. அதான் இதக் கேக்க வரும்."

குலசிங்கத்தின் முகம் சுருங்கிப்போனது. எப்படியாவது அவளை மறுபடி வரச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். தானே வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கவும் தயார் என்றார்.

"அவவின்ர மனுசனுக்கு என்ன பேர்?"

"தனசேகரன். கம்பெனி கலைஞ்ச பிறகு தேக்கா மார்க்கெட்ல மூட்டை தூக்கினாரு."

அந்தப் பெயர் குலசிங்கத்துக்குத் தெரிந்ததுதான்.

எட்டு மாதத்துக்கு முன், சயாமுக்கு ஆள் அனுப்ப அவருடைய அலுவலகத்தில் தயாரான பட்டியலில் ஒரு வயலின் வித்துவானின் பெயர் வந்திருந்தது. இப்பேர்ப்பட்ட சங்கீதம் காட்டில் அழியக்கூடாதென்று அதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் அவர் தன் கையாலேயே எழுதியிருந்தார்: தனசேகரன், மூட்டை தூக்குபவன், தேக்கா மார்க்கெட்.