கையைப் பார்க்காத வண்டி

புது டிராக்டர்களெல்லாம் ஓட்டுபவரின் கையைச் சோதித்த பிறகே கிளம்பின. வெயிலுமுத்துவுக்குக் கைநடுக்கம் வந்ததும் ஊரில் ஒரு வண்டியும் அவரை ஏற்கவில்லை. பெய்த மழையின் ஈரம் காய்வதற்குள் கரிசலை உழுதாக வேண்டும்.

மெக்கானிக் எஸ்தர், கொட்டகையில் கிடந்த நூறு வயதுப் பெட்ரோல் டிராக்டரைத் திறந்தாள். பொறி தரும் பிளாட்டினம் பாயிண்டில் பிடித்திருந்த கரியை உப்புத்தாளால் தேய்த்து, பிளேடு நுழையும் அளவுக்கு இடைவெளி வைத்தாள்.

“ஒன் விரலுக்குச் சுத்திப் போடணும் தாயி,” என்றார் பக்கத்தில் நின்ற வெயிலுமுத்து. “இது எங் கையப் பாக்காதுல்லா?”

“பொறி வந்தாப் போதும் அண்ணாச்சி. ஆளெல்லாம் பாக்காது.”

எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியை ஒரே சுற்று சுற்றினாள்; டிராக்டர் குலுங்கி உறுமியது. வெயிலுமுத்து ஏறி அமர்ந்து, வெகுநாளைக்குப் பிறகு கியரைப் போட்டார். மட்கார்டைப் பிடித்து நின்ற எஸ்தரின் உறுதியான கையும் வண்டியின் குலுக்கலில் அவர் கையைப் போலவே நடுங்கியது.